வேப்பமரத்தில் கட்டிய கயிறு

“பரீட்சை வந்தாத்தான்டி உனக்கு நாடகமே வரும்” என்று அம்மா சொன்னது போன நவம்பரில். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து பாபினில் நூல் சுற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டு மறந்திருப்பேன். சாயங்காலம் மழை வரும்போல இருக்கு என்பாளே, அந்தக் குரலில் சொன்னாள். அதனால்தான் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அன்று ராத்திரி பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நான் இன்ஜினியரிங்கில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) மூன்றாம் வருடம், அப்போது ஐந்தாவது செமஸ்டர். முதல் செமஸ்டர் இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில், ரேஷன் கடை வரிசையில் தன் முறை வருவதற்குள் கிழவியாகிவிடும் ஒரு பெண்ணைப் பற்றி மூன்று பக்கம். இரண்டாவது செமஸ்டரில் சில்லறை இல்லாத கண்டக்டர், நாடகம் முழுக்க ஒரே பஸ்ஸுக்குள். மூன்றாவதில் இரண்டு நாடகம். நான்காவதில், மின்காந்தப் புலம் நோட்டில், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் காணாமல் போன ஒரு குடையின் கதை. ஒவ்வொன்றுக்கும் மேலே தேதி வேறு போட்டிருக்கிறேன், பெரிய எழுத்தாளர் என்ற நினைப்பு. அந்தத் தேதிகள் ஒன்று பாக்கியில்லாமல் ஸ்டடி ஹாலிடேஸில் வருபவை. எதுவும் நாலு பக்கத்தைத் தாண்டவில்லை. கடைசிப் பரீட்சைக்கு முந்தைய நாளோடு எல்லாமே நின்றுபோயிருந்தன. நோட்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்தபோது, கேஸ் அம்மா பக்கம்தான் என்பது தெளிவாகத் தெரிந்தது.

படிப்பதிலும் இதே கதைதான். பாடம் இல்லை, மற்றப் படிப்பு. எங்கள் வீடு புதூரில். 2023 ஜூலையில் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு ஸ்டடி ஹாலிடேஸில் நான் வீட்டிலேயே இருப்பதில்லை. அங்கே ஏசி இருக்கிறது, ஊசியில் நூல் கோத்துத் தரச்சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். பாடப் புத்தகத்தை விரித்துவைத்து உட்காருவேன். பதினொரு மணிக்குக் கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு என்று எழுந்து தமிழ்ப் புத்தக அடுக்குகளுக்கு நடுவே போவேன். நினைவு வந்து மணி பார்த்தால் மூன்று. பாடப் புத்தகம் ஏழாம் பக்கத்தில் கிடக்கும், கையிலிருக்கும் நாவல் நூற்றி ஐம்பதில் இருக்கும்.

சோம்பல் என்று சொல்லிவிடலாம். சோம்பலாக இருந்தால் தூங்கியிருப்பேனே? அந்த நாலு மணி நேரம் நான் படித்த படிப்பு மாதிரி எந்தப் பாடத்தையும் படித்ததில்லை. ஒரு கமா விடவில்லை. பக்கத்து மேஜையில் யாராவது நாற்காலியை இழுத்தால் எரிச்சல் வரும். ஆனால் இதே நான், நான்காவது செமஸ்டர் முடிந்த மறுநாள், சீனியர் அக்காவிடம் இரவல் வாங்கிப் பாதியில் வைத்திருந்த நாவலை எடுத்தேன். பத்துப் பக்கம் போனது. வெயில், போன், தூக்கம். மறுநாள் எட்டுப் பக்கம். ஜூன் பிறந்தபோது அந்த நாவல் ஃபிரிட்ஜ் மேல், பாட்டியின் மாத்திரை டப்பாவுக்கு அடியில் இருந்தது. நாற்பது நாள் சும்மாதான் இருந்தேன். நோட்டு, பேனா, நேரம் எல்லாம் இருந்தும் ஒரு வரி நாடகம் வரவில்லை.

பதினெட்டு வயதில் ஒரு சபை

நவம்பரில் நூலகத்தில் கையில் மாட்டியது பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’. அவரைப் பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தில் நிரப்பியிருக்கிறேன், அதற்கு மேல் தெரியாது. படமாகப் பார்த்ததால் பிறக்கும்போதே தலைப்பாகையோடு பிறந்தவர் என்று எண்ணியிருந்தேன். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கும்போது அவருக்கு 18 வயது, மாநிலக் கல்லூரி மாணவர். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு இளக்காரம். அந்த வருடம் பெல்லாரியிலிருந்து வந்த குழு ஒன்று சென்னையில் போட்ட தெலுங்கு நாடகங்களைப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள் அதில் நடித்தார்கள். இதையே நாம் ஏன் தமிழில் செய்யக் கூடாது என்று கிளம்பியவர்தான். அப்புறம் வக்கீல் ஆனார், நீதிபதி ஆனார், தொண்ணூறுக்கு மேல் நாடகம் எழுதினார்.

நான் அதை நாடக வரலாறாகப் படிக்கவில்லை. ஒரு காலேஜ் பையனுக்கு இதற்கெல்லாம் எப்படி நேரம் கிடைத்தது என்று கள்ளத்தனமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கும் பரீட்சைகள் இருந்திருக்கும். வீட்டில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்போது 20 முடிந்துவிட்டது. ஏற்கனவே இரண்டு வருடம் லேட்.

வெளியே வந்தபோது நல்ல மழை. நூலக வாசலில் நின்றபடியே ஆறு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: “பரீட்சை முடிஞ்சு நாடகம் போடுவோம்னு ரெண்டு வருசமா சொல்றோம். முடிஞ்சா நமக்கு வராது. பரீட்சைக்குள்ளயே ஒத்திகை வைப்போம். காலைல அஞ்சே முக்காலுக்கு, ஒரு மணி நேரம்.” முதலில் வந்த பதில் “லூசா நீ?” அதை அனுப்பிய மெக்கானிக்கல் அண்ணன்தான் மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றார்.

நாங்கள் ஏழு பேர். பெயர் போட வேண்டாம் என்று எல்லாரும் சொல்லிவிட்டதால் துறையின் பெயரே ஆளின் பெயர். மெக் எங்களுக்கு ஒரு வருடம் சீனியர், ஏற்கனவே இரண்டு நாடகப் பட்டறைக்குப் போனவர், அதை ஒரு நாளும் மறக்கவிடாதவர். சிவில் என் கூடப் பள்ளியிலிருந்து வருபவள். மற்ற நாலு பேரும் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரித்துச் சொல்வது கஷ்டம், அவர்கள்தான் தண்ணீர்.

ஆமாம், தண்ணீர். எங்கள் காலேஜ் நாலுவழிச் சாலையோரம் ஒரு கண்மாயை ஒட்டி இருக்கிறது. ஒட்டி என்பது மரியாதைக்குச் சொல்வது. மழை பெய்தால் பார்க்கிங்கில் தவளை கத்தும். எது யார் இடம் என்பதில் தவளைக்குக் குழப்பமே கிடையாது. அந்தக் கண்மாயைப் பற்றிப் பேசப்போய்த்தான் மடை திறப்பவர் கதைக்கு வந்து சேர்ந்தோம். அடைமழையில் கண்மாய் நிரம்பிக் கரை உடையப்போகிறது என்றால், ஒரு ஆள் தண்ணீருக்குள் முங்கிப்போய் மடையைத் திறந்துவிட வேண்டும். திரும்பி வந்தால் உண்டு. ‘மடையன்’ என்று நாம் திட்டுவதே அவரிடமிருந்து வந்த சொல்தான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ, எங்களுக்கு ஒரு நாடகம் கிடைத்துவிட்டது. ஒரு ராத்திரி, ஒரு கண்மாய், இறங்குகிற புருஷன், கரையில் நிற்கிற பெண்டாட்டி. அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை கரையில் ஒரு மரத்தில். அவள் கயிற்றை ஆட்டுவாள். ஆட்டம் திரும்பி வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான்.

காலேஜில் அனுமதி கேட்டோம். நாடகப் பிரதியை முழுசாக எழுதி மூன்று நகல் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். நாடகம் போடுமுன் பிரதியை அதிகாரிகளிடம் காட்ட வைக்கும் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் 1954இல் வந்தது. எம்.ஆர்.ராதாவை மனதில் வைத்துக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டு, 2013இல் உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. எங்கள் காலேஜுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை போல. போகட்டும், எங்களிடம் பிரதியே இல்லை, எதை நகல் எடுப்பது? எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை இருக்கிறது. சொந்தக்காரர் துபாயில். ஒரு பெரிய வேப்பமரம், அதற்கு எதிரே தெருப் பையன்கள் வாலிபால் வலை கட்ட நட்ட இரும்புக் குழாய். அதுவே போதும் என்றார் மெக். 1977இல் காந்திகிராமத்தில் நாடகக்காரர் சே.ராமானுஜம் நடத்திய பட்டறை, அடுத்த வருடம் இதே மதுரையில் மு.ராமசுவாமி தொடங்கிய நிஜ நாடக இயக்கம், 1980இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வந்து வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை என்று வரிசையாகச் சொல்லி, மேடை, விளக்கு, உடை எதுவும் நாடகத்துக்கு அவசியம் இல்லை என்று நிரூபித்தார். எங்களிடம் காசு இல்லாததற்குப் பின்னால் இவ்வளவு பெரிய சரித்திரம் இருப்பது தெரிந்து எல்லாருக்கும் சந்தோஷம்.

இதை எங்கள் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி. மேலூர்ப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு மிருதங்கம் வாசிக்கிறவர் அவர். வள்ளி திருமணத்துக்கு முருகன் வேடக்காரர் புதுக்கோட்டையிலிருந்து வருவார், வள்ளி மதுரையிலிருந்து, ஆர்மோனியம் வேறெங்கோ இருந்து. ராத்திரி பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால் பார்த்து வணக்கம் சொல்லிக்கொள்வார்கள், விடிய விடிய நடிப்பார்கள், காலையில் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. “பத்து நாள் ஒத்திகையா, இருபது நிமிச நாடகத்துக்கா?” என்றார். “எங்களுக்கு எல்லா ராத்திரியும் பரீட்சைதாம்மா. படிக்கிறதுக்கு லீவு விட மாட்டாய்ங்க.”

கயிறு

கயிறு எங்கள் மொட்டை மாடியிலிருந்து வந்தது. முன்னால் வீட்டில் கிணறு இருந்தபோது தண்ணீர் இறைத்த நீல நைலான் கயிறு. போர் போட்டுக் கிணற்றை மூடிய பிறகு அது கொடிக்கயிறாகிவிட்டது. கட்டைவிரல் கனம், நாற்பதடி நீளம். அம்மா துணி காயப்போடுவதற்குள் திருப்பிக் கட்டிவிட வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் தினமும் காலையில் அவிழ்த்துக்கொண்டு போவேன்.

எட்டு நாளாக நாடகத்தின் முடிவு எங்களுக்குச் சிக்கவில்லை. ஒரு நாள் பெண்டாட்டி ஒப்பாரி வைத்தாள். ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து பாடினோம். மெக் ஒரு நாள் செத்துப்போன மடையராகவே எழுந்து நின்று, இன்றைக்குக் கண்மாய்களை யார் யார் மூடினார்கள் என்று ஏழு நிமிடம் பேசினார். அதில் கரை இல்லாத கண்மாய் பற்றி ஒரு உவமை வேறு. தண்ணீராக நின்ற நாலு பேரும் கையை உயர்த்திக்கொண்டே நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை. மழை விட்டிருந்தது, மண் சொதசொதவென்று. அதற்கு முந்தைய ராத்திரி முழுக்க நான் டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் படித்திருந்தேன். ஒரு கம்பி வழியாகப் போகும் அலை மறுமுனையை அடைந்ததும் என்ன ஆகும் என்பதுதான் அந்தப் பாடத்தின் பாதி. மறுமுனை ஷார்ட் ஆகியிருந்தால் அலை முழுசாகத் திரும்பும், ஆனால் தலைகீழாக, கணக்கில் −1. திறந்து கிடந்தால் அப்படியே திரும்பும், +1. இவை எனக்கு மனப்பாடம். அன்று கயிற்றின் ஒரு முனையை வேப்பமரத்தில் நெஞ்சு உயரத்துக்கு இறுக்கிக் கட்டிவிட்டு, மறுமுனையைச் சும்மா ஒரு சொடுக்குச் சொடுக்கினேன். மேலே எழும்பிய ஒரு மேடு கயிற்றோடு ஓடியது. மரத்தில் போய் முட்டியது. திரும்பி வந்தபோது பள்ளமாக வந்தது.

நான் கத்தியதில் தெருநாய் எழுந்து ஓடிவிட்டது. மறுபடி சொடுக்கினேன். மேடாகப் போனது, பள்ளமாக வந்தது. மைனஸ் ஒன்று! இரண்டு வருடமாக இந்தக் குறியைப் போடுகிறேன், அது இப்படி ஓடும் என்று தெரியாது. மரத்திலிருந்து அவிழ்த்து, கையிலிருந்த பிளாஸ்டிக் வளையலைக் கழற்றிக் கயிற்று முனையில் முடிந்து, அதை வாலிபால் குழாயில் மாட்டினோம். வளையல் குழாயில் மேலும் கீழும் வழுக்கும், அதனால் முனைக்குப் பிடிப்பு இல்லை. இப்போது மேடாகப் போனது மேடாகவே திரும்பியது. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் மணி ஆறரை ஆகிவிட்டதென்று முறைத்தார்கள்.

“என் கைல குடு” என்றாள் சிவில். நுனியைப் பிடித்துக்கொண்டாள். முதலில் இறுக்கிப் பிடித்தாள், தலைகீழாகத் திரும்பி வந்தது. அப்புறம் என்ன நினைத்தாளோ, கையைத் தளர்த்தி, அலை வந்து தொட்ட நேரம் அதோடு கையை மெல்ல மேலே விட்டுக் கீழே இறக்கினாள். மேடு அவள் கைவரை போனது. திரும்பவில்லை. கயிறு அசையாமல் நின்றது. “வாங்கிட்டேன்” என்றாள்.

பாடத்தில் இதற்குப் பெயர் மேட்சிங். கம்பியின் தன்மையும் மறுமுனையில் இருப்பதன் தன்மையும் ஒன்றாக இருந்தால் எதுவும் திரும்பி வராது, அனுப்பியது அத்தனையும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்ஜினியருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. ஆன்டெனாவும் கேபிளும் செய்கிறவர்கள் இதற்காகத்தான் உயிரை விடுகிறார்கள். நான் இதை எல்லாருக்கும் விளக்க வாயைத் திறந்தேன். மெக் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். சிவிலைத் தரையில் உட்காரச் சொல்லி, தண்ணீர் நாலு பேரையும் அவளைச் சுற்றி நிற்கவைத்து, கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கரை.

சொடுக்கினேன். மேடு ஓடி நாலு பேருக்கு நடுவே மறைந்தது, தலைகீழாகத் திரும்பி வந்தது. இருக்கிறான். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. வந்தது. மூன்றாவது முறை சொடுக்கினேன். போனது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கையில் இன்னும் வரவில்லை. தெரிந்தேதான் செய்கிறாள் என்பது எனக்குத் தெரியும், கை தளர்த்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான் நான். ஆனாலும் கை எதிர்பார்த்தது. நைலான் ஈரமாக, சில்லென்று, வெறும் கயிறாகக் கையில் இருந்தது.

தெருவில் பால்காரர் டி.வி.எஸ்.ஸை நிறுத்தி ஒரு காலை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். “என்னாச்சும்மா அவனுக்கு?” என்றார்.

ஒப்பாரி, பாட்டு, ஏழு நிமிடப் பேச்சு எல்லாம் அன்றோடு போயின. மெக் தன் பேச்சுக்காகக் கொஞ்ச நேரம் போராடிப் பார்த்தார். கண்மாய்க்குக் கரை வேண்டும் என்ற உவமை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. என் படிப்புக்கும் நாடகத்துக்கும் பரீட்சைதான் கரை என்று ஒரு வரி கைவசம் இருக்கிறது. அங்கே வெட்டியதை இங்கே சேர்க்க மனசில்லை.

பத்து மணி முதல் ஒரு மணி வரை

நாலு நாள் கழித்து அந்தப் பாடத்துக்குப் பரீட்சை. கேள்வித்தாளின் அமைப்பு படித்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு மார்க் பத்து, பதின்மூன்று மார்க் ஐந்து, பதினைந்து மார்க் ஒன்று. இரண்டு மார்க் எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் பி பகுதியில் அதே கேள்வி. அலை திரும்புவதற்கான சமன்பாட்டை முதலிலிருந்து தருவிக்கச் சொல்லி. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இந்த ஹாலில் இருக்கும் அறுபது பேரில் அலை திரும்பி வருவதைக் கையில் வாங்கியவள் நான் ஒருத்திதான்.

தருவிக்க ஆரம்பித்தேன். நாலாவது வரியில் கூட்டலா கழித்தலா என்று சந்தேகம் வந்தது. இரண்டையும் போட்டுப் பார்த்தேன், இரண்டுமே எங்கோ போய்ச் சேர்ந்தன. அடித்தேன். மறுபடி ஆரம்பித்து மறுபடி அதே வரியில் நின்றேன். ஒத்திகைக்குப் போன காலைகளில் மற்றவர்கள் இந்தத் தருவிப்பைத்தான் பத்து முறை எழுதிப் பார்த்திருப்பார்கள். நேரம் ஓடியது. கடைசியில் பேனாவை எடுத்து வேப்பமரத்தை வரைந்தேன். கயிறு, போகும் மேடு, திரும்பும் பள்ளம். அடுத்ததாகக் குழாய், வளையல். மூன்றாவதாக ஒரு கை. ஒன்றரைப் பக்கம் நிறுத்தாமல் எழுதினேன். அந்த ஒன்றரைப் பக்கத்தில் தப்பே இல்லை, இன்றைக்கும் சொல்வேன். மற்றக் கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. இதே பாடத்தில் வரும் ஸ்மித் சார்ட் என்ற வட்ட வரைபடத்தில் இரண்டு வட்டம் போடுவதற்குள் மணி அடித்துவிட்டது. வெளியே வந்தபோது எனக்கு ஏனோ ரொம்பச் சந்தோஷம்.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம் பெரியப்பா ஊர் மந்தையில் நாடகம் போட்டோம். இளைஞர் மன்றத்தின் விளையாட்டுப் போட்டிகளுக்கு நடுவே, மியூசிக்கல் சேர் முடிந்து பரிசு தருவதற்கு முன்னால் இருபது நிமிடம் கொடுத்தார்கள். அங்கே வேம்பு இல்லை, அதனால் கரையில் ஊருக்கே சொந்தமான ஒரு புளியமரம். குழந்தைகள் முன்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சொடுக்குக்குக் கயிறு அசையாமல் நின்றபோது அவர்கள் சத்தமும் நின்றது. அப்புறம் மைக்செட்காரர், முடிந்ததென்று நினைத்தோ என்னவோ, பாட்டைப் போட்டுவிட்டார்.

கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தாத்தா வந்தார். எண்பதுக்குக் குறையாது. “நல்லாத்தான் இருந்துச்சு, ஆத்தா. ஆனா மடைக்குள்ள எறங்குறவன் கவுறு கட்ட மாட்டான். கல்லுல சிக்கிக்கிருச்சுன்னா கவுறே எமன். எங்கய்யா எறங்கியிருக்காரு. துண்ட அவுத்துக் கரைல வச்சுட்டு எறங்குவாரு. மேல வந்து தொடச்சுக்கிட்டு, திரும்ப அதையே தலைல கட்டிக்கிருவாரு.” துண்டை எப்படி மடித்து வைப்பார் என்று தன் துண்டை எடுத்துப் புளியமரத்து வேரில் மடித்து வைத்துக் காட்டினார். மேலே ஒரு சின்னக் கல்லும் வைத்தார், காற்றுக்குப் பறக்காமல். அப்புறம் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. திருமோகூர் விலக்கு தாண்டியபோது சிவில் மட்டும் “துண்டு” என்றாள். மெக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி கடைசியில் ரிசல்ட் வந்தது. டிரான்ஸ்மிஷன் லைன்ஸில் யு கிரேடு, அதாவது ஃபெயில். அரியர். இன்டர்னலில் நாற்பதுக்கு முப்பத்தி நாலு வாங்கியிருந்தேன், மொத்தம் ஐம்பது தாண்டிவிடும், அதனால் நம்பவில்லை. ஆனால் செமஸ்டர் பரீட்சையில் மட்டும் தனியாக நாற்பத்தைந்து சதவீதம் எடுக்க வேண்டுமே. பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். நூற்றுக்கு நாற்பத்தொன்று. வேப்பமரம் இருந்த பக்கத்தைத் தேடிப் போனேன். என் மரம், குழாய், வளையல், கை எல்லாம் அப்படியே இருந்தன. கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக். பதின்மூன்றுக்கு இரண்டு. கேட்டது தருவிப்பு, நான் கொடுத்தது கதை. திருத்தியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த டிக்கை எதற்குப் போட்டார் என்றுதான் கேட்க ஆசை.

அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் பல்லால் நூலைக் கடித்துவிட்டு, “திரும்ப எப்ப எழுதணும்?” என்றாள்.

“ஏப்ரல், மே.”

“அப்ப ஏப்ரல்ல அடுத்த நாடகம் வந்துரும்.”

இன்றைக்கு மார்ச் முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது. டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘துண்டு’ என்று எழுதி, கீழே கோடு போட்டு, தேதி போடாமல் வைத்திருக்கிறேன். காலையில் மாடிக்குப் போனபோது அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியின் இந்த முனையில் ஒரு சொடுக்குச் சொடுக்கினேன். மேடு கிளம்பி முதல் ரவிக்கையை உலுக்கியது, இரண்டாவதைக் கொஞ்சம் ஆட்டியது, மூன்றாவதோடு காணாமல் போய்விட்டது.

“ஏய், கிளிப்பு பத்தல, துணியெல்லாம் கீழ விழும்” என்றாள் அம்மா. “காஞ்சப்புறம் எடுத்துட்டு ஆட்டு.”